ஜன்னலோரச் சக்களத்தி

கணவன் இறந்த ஒன்பதாம் நாள் காலை அவள் சமையலறைக்குள் வந்தபோது, ஜன்னல் விளிம்பில் இருந்த கண்ணாடி பாட்டில் பளபளத்தது. உள்ளே பச்சைத் தண்ணீர் இல்லை. கழுவிக் கவிழ்த்திருந்தது.

"யார் கழுவினது?"

"நான்தான்," என்றாள் நாத்தனார், அடுப்பைத் துடைத்தபடி. "ஒரே பாசி! தம்பி போனதிலேர்ந்து உனக்கு எதுதான் கண்ணுல படுது, பாவம். பிரஷ் விட்டுத் தேய்ச்சு, கொதிக்கிற தண்ணி ஊத்தி அலசிட்டேன்."

அதுதான் தாய்ப்பாசி. அதில் ஒரு கரண்டி ஊற்றினால் மொட்டைமாடித் தண்ணீர் கேன்களில் பெருகும். மீன்தொட்டி மோட்டார் காற்றூதும். பிறகு உரத்தை நிறுத்திப் பட்டினி போட்டால் பச்சை மாறிச் செங்கல் நிறத்துக்கு வரும். அந்தச் சிவப்பை வண்ணமீன் தீவனக்காரர் வாங்கிப்போவார். ஆய்வகத்தில் சொகுசாக வளர்ந்த பாசியைக் குழாய்த் தண்ணீருக்கும் மலிவான தோட்ட உரத்துக்கும் பழக்க அவள் கணவனுக்கு மூன்று வருடம் பிடித்தது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கேன்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. மிஞ்சியது இந்த பாட்டில் மட்டும்.

தினமும் எழுந்ததும் அதைத்தான் முதலில் எடுத்துக் குலுக்குவான்.

"சக்களத்திகிட்ட குசலம் விசாரிச்சாச்சா?" என்பாள் அவள்.

"அவ எதிர்த்துப் பேச மாட்டா பாரு," என்பான்.

கடைசியாகப் பேசிய அன்றும், "பாட்டிலைக் குலுக்கினியா?" என்றுதான் கேட்டான்.

நாத்தனாரின் விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. "அவனுக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியல. வீட்டையாவது..." மறுபடி அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

கழுவிப்போனது என்னவென்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நாத்தனார் உயிருள்ளவரை இதையே நினைத்து உருகிக்கொண்டிருப்பாள்.

"பளிச்சுனு இருக்கு அண்ணி," என்றாள்.

நாத்தனார் ஊருக்குப் போன பிறகு, பாட்டிலின் மூடி அடுப்புக்குப் பின்னால் கிடைத்தது. அதன் திருகு மரையில் சிவப்பாக ஒரு பொட்டு காய்ந்திருந்தது. காய்ந்த சிவப்பு சில சமயம் திரும்பப் பச்சையாகும் என்று அவன் சொன்னதுண்டு. ஊசியால் சுரண்டி, அதே பாட்டிலில் உரம் கலந்த தண்ணீரில் விட்டு ஜன்னலில் வைத்தாள். தினமும் எழுந்ததும் குலுக்கினாள். மூன்று வாரம் ஆயிற்று.

நாத்தனார் போன் செய்தாள். ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, "அந்த பாட்டில்ல இப்ப என்ன வச்சிருக்கே?" என்றாள்.

வெயில் எங்கும் தடைபடாமல் அதற்குள் புகுந்து மறுபக்கச் சுவரில் விழுந்திருந்தது.

"தண்ணிதான் அண்ணி."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள்.