கல்லில் ஏறிய தப்பு

பதினோரு மணிக்குத் திறப்பு விழா. ஒன்பதரைக்குத்தான் அருங்காட்சியகத்தின் மொழிபெயர்ப்பாளருக்குத் தலையில் இடி விழுந்தது. வாசலில், ஆளுயரக் கருங்கல்லில், அவள் எழுதிக் கொடுத்தபடியே பளிச்சென்று கொத்தியிருந்தது: ‘ஹோமோ சேப்பியன்ஸ் என்றால் ஒரேமாதிரி அறிவுள்ளவர்கள்.’

பத்து வருடம் பள்ளிக்கூட அறிவியல் புத்தகங்களை மொழிபெயர்த்த பழக்கதோஷம். ‘ஹோமோ’ என்று எங்கே கண்டாலும் கை தானாக ‘ஒரே’ என்று எழுதிவிடும். அது கிரேக்க ஹோமோ. இது லத்தீன், மனிதன் என்று அர்த்தம். சேப்பியன்ஸ் என்றால் அறிவுள்ள. 1758இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன்காரர் நமக்கு வைத்த பெயர். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் கோட்டை விட்டாள், பாவி.

வேலை போனால் வேலையோடு கொடுத்த வீடும் போகும். அந்த வீட்டில் அம்மா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பது?

கல் கொத்தியவர் அங்கேதான் தூசி துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் எழுதிக் குடுத்த தாள் இருக்கா? ஒரு புள்ளி சரிபார்க்கணும்.”

“பத்திரமா வெச்சிருக்கேம்மா.” சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கழிப்பறைக்குள் போய் அதைச் சுக்குநூறாகக் கிழித்துத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு துண்டு மிச்சமில்லை.

பத்து மணிக்கு இயக்குநர் வந்து கல்லைப் படித்தார். “யார் பண்ணின வேலை இது?”

“நான் சரியாத்தான் எழுதிக் குடுத்தேன், சார்,” என்றாள்.

“தாளைப் பார்த்துத்தான் சார் கொத்தினேன்,” என்றார் கல் கொத்தியவர். “இப்பதான் இவங்க அதை வாங்கிட்டுப் போனாங்க.”

“எங்கிட்ட எதுவும் தரல.”

சொன்ன கையோடு செத்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. கல் கொத்தியவர் அவளையே பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். இனி இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று இயக்குநர் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். கல்லைத் துணி போட்டு மூடினார்கள்.

உளிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் அவளிடம் வந்தார்.

“அந்தப் பேருக்கு நெஜமா என்னம்மா அர்த்தம்?”

“அறிவுள்ள மனுஷன்.”

“யாரைச் சொல்றது?”

“நம்ம எல்லாரையும்தான்.”

“என்னையும் சேர்த்தா?”

நக்கலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஆமா,” என்றாள். அதோடு ‘அண்ணே’ என்று சேர்த்துச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.