ஆய்வில் சேராதவர்

துறைமுக டிரைவர்களிடம் அனுசியா நடத்திய உளவியல் ஆய்வின் கேள்வி ஒன்றுதான்: இரைச்சல் கவனத்தைக் குறைக்கிறதா? வேறு எதுவும் முடிவைக் கெடுத்துவிடக் கூடாது. அதனால் எல்லோருக்கும் ஒரே அறை, ஒரே வேளை, காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள். டீ குடித்திருக்கக் கூடாது. முந்தைய இரவு ஆறு மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும்.

முத்தையாபுரத்துத் தளவாய் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். ஆறு மணி நேரம் தூங்கியதாகத்தான் படிவத்தில் எழுதினார். திரையில் சிவப்பு வட்டம் வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். இருபதில் ஏழு வட்டங்கள் வந்து போனதே அவருக்குத் தெரியவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

"உண்மையிலேயே தூங்குனீங்களா அண்ணாச்சி?"

"எங்கன தாயி தூங்க? ரெண்டு நாளா வண்டியிலதான் கெடக்கேன். ஆளில்லன்னு கம்பெனிக்காரன் விட மாட்டேங்கான். நான் பெயிலா?"

"அதெல்லாம் இல்ல. உங்கள இதுல சேர்க்க முடியாது, அவ்வளவுதான். நீங்க போகலாம்."

அனுசியா அவருடைய படிவத்தாளில் 'நீக்கம்: தூக்கமின்மை' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளை அழைத்தாள்.

அன்று பதினொன்றரை மணிக்கு, புறவழிச் சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் தளவாயின் வண்டி மோதியது. பிரேக் போட்ட தடமே இல்லை. அங்கேயே இறந்துபோனார்.

முழு ஓய்வுக்குப் பிறகே வண்டி எடுத்தார், தவறு அவருடையதே என்று கம்பெனி போலீசில் எழுதிக் கொடுத்தது. அதைக் கேள்விப்பட்ட அனுசியா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தன் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் அருமைநாயகத்திடம் போனாள்.

"ரகசியம் காப்போம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம்மா. இத வெளிய கொடுத்தா எந்தக் கம்பெனியும் நம்மள உள்ள விடாது. உன் ஆய்வு அதோட முடிஞ்சுது."

அவள் தளவாயின் மனைவி முப்பிடாதியைத் தேடிப் போய்த் தாளைக் கொடுத்தாள், நடந்ததைச் சொன்னாள். முப்பிடாதி தாளில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"அவரால முடியலன்னு ஒனக்கு ஒம்பது மணிக்கே தெரிஞ்சிருக்கு."

"ஆமாக்கா."

"வண்டிய எடுக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அந்தக் காலையில் அனுசியாவின் மனதில் தளவாய் இல்லை. ஆய்வில் காலியான ஒரு இடத்தை யாரை வைத்து நிரப்புவது என்பதுதான் இருந்தது.

மறுநாள் இருவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். தெரிந்தும் தான் தடுக்காததையும் அனுசியா தன் வாக்குமூலத்தில் சேர்த்தே எழுதினாள். வழக்கு கம்பெனியின் மேல் திரும்பியது. அந்த வாரமே துறைமுகத்தில் ஆய்வுக்கான அனுமதி ரத்தானது. முப்பிடாதி அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை.