வாசல்வரை உருட்டி

ஞானசௌந்தரியின் கட்டைவிரல் நகத்தில் நூல் மாட்டியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, கள்ளிக்குப்பத்து வீட்டு வாசலில் புல்லட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அது அவள் கணவன் எட்மண்டின் வேலை. அன்று அவன் கறிக்கடைக்குப் போயிருந்தான். பின்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தபோது, பிடிமானம் இல்லாமல் துணி வழுக்கியது. டயரில் பட்டன் பட்டனாகப் புடைத்திருக்க வேண்டிய இடமெல்லாம் வழவழவென்றிருந்தது. ஓரிடத்தில் ரப்பரே தீர்ந்துபோய், உள்ளே இருக்கும் நூல், காயத்துக்குக் கட்டிய துணிபோல வெளுத்துத் தெரிந்தது.

"அம்மா, டயருக்குள்ள துணி கீதா?" என்றாள் அருள்செல்வி. ஐந்து வயது மகள்.

"ஆமாம் கண்ணு."

"எதுக்கு?"

நகத்தில் மாட்டிய நூலை அவள் பிய்த்தெடுத்தாள். அடுத்த ஞாயிறு வேளாங்கண்ணிக்குக் கிளம்ப வேண்டும். பெட்ரோல் டேங்கின் மேல் குழந்தை, பின்னால் இவள், அத்தனை தூரமும் இந்த வண்டியில்தான். மாதா கோயிலில் குழந்தைக்கு மொட்டை போடுவதாக இருந்தது.

அன்று மாலையே கணவனை விடாப்பிடியாகப் பூந்தமல்லிக்கு அழைத்துப்போனாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டயர் கடை வைத்திருந்த நஜீர், எட்மண்டுக்குப் பல வருஷப் பழக்கம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, பாப்பாவுக்கு அங்க போய்த்தானே மொட்டை? டயருக்கு இப்பவே போட்டுட்டியே."

எட்மண்ட் சிரித்தான். "போய்ட்டு வந்து மாத்திக்கலாம் நஜீரு."

"போய்ட்டு வந்தப்புறம் எதுக்கு மாத்தணும்? அப்பிடியே இன்னொரு வாட்டி போய்ட்டு வா."

"முன்னாடி டயரு?" என்று ஞானசௌந்தரி கேட்டாள்.

"அது ஷோக்கா கீது அண்ணி. பின்னாடி வெடிச்சாலும் வண்டி வாலத்தான் ஆட்டும், காலை ஊனி நிறுத்திக்கலாம். முன்னாடி வெடிச்சா ஹேண்டிலு நம்ம பேச்சக் கேக்காது. நல்லவேளை, அது நல்லா கீது."

ஆனாலும் எட்மண்ட் டயர் வாங்காமலே வண்டியைக் கிளப்பினான். ஏன் என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் மழைக்காலத்தில், திருமழிசை தாண்டி ஏரிக்கரை வளைவில், முன்னால் போன லாரி திடீரென்று நின்றுவிட்டது. பிரேக் அடித்ததில் புல்லட் இழுத்துக்கொண்டு போய்க் கரையின் விளிம்பில் நின்றது. பின்சக்கரம் மட்டும் ஒரு கல்லில் முட்டிப் பிடித்துக்கொண்டது. கீழே தண்ணீர். அங்கேயே, நனைந்த சட்டையோடு மண்டியிட்டு அவன் வேண்டிக்கொண்டான். தாயே, இந்தச் சக்கரத்த உன் வாசல்வரைக்கும் உருட்டிக்கினு வரேன்.

இதை வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னபோது அவளும் அழுதாள். அப்போது அந்தச் சொற்கள் அழகாக இருந்தன.

"வேற டயர் போட்டுக்கலாங்க" என்றாள் இரவுச் சாப்பாட்டின்போது. "பழச பின்னாடி கட்டி எடுத்துக்கினு போய்க் காணிக்கையா வெச்சிடலாம். கொண்டாரன்னுதானே வேண்டிக்கினீங்க?"

"உருட்டிக்கினு வரேன்னு சொன்னேன். கட்டித் தூக்கிக்கினு வரேன்னு சொல்லல."

"மாதா அதெல்லாம் பாக்குமா?"

"நான் பாப்பேன் சௌந்தரி."

அவள் சோற்றைப் பிசைந்தாள். அவனை அவள் நம்பியதே இந்தக் குணத்துக்காகத்தான். ஒரு ஈஸ்டர் அன்று, இனிக் குடிக்க மாட்டேன் என்றான். அதன்பிறகு தொடவில்லை. சொன்ன சொல்லில் ஒரு எழுத்தைக்கூட விட மாட்டான். தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த அவனிடம் மேஸ்திரிகூட வாய் கொடுக்க மாட்டார். இத்தனை வருஷம் அவள் சாய்ந்து நின்ற சுவர் அது. இப்போது அதே சுவர் தன் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருப்பதுபோல் இருந்தது. அப்படி நினைத்ததற்காக அவளே தன்னைக் கடிந்துகொண்டாள். நம்பிக்கை இல்லாதவள் நான்தானோ? மாதாவைவிட ரப்பரைப் பெரிதாக நினைக்கிறேனோ?

ஆனால் மாவு அரைக்கும்போதும் துணி அலசும்போதும் அந்த நூல் நகத்தில் இருப்பதுபோலவே இருந்தது. வாரம் முழுவதும் அவள் அவனிடம் சரியாகப் பேசவில்லை. அவனும் ஏதோ யோசனையிலேயே இருந்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவன், செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்.

"சரி. பின்னாடிக்குப் புது டயரு போடுறேன். போதுமா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை நஜீரிடம் டயர் வாங்கி, கம்பெனி சிநேகிதன் ஒருவனின் ஷெட்டில் தானே மாட்டிக்கொண்டு இருட்டும் நேரத்தில் வந்தான். வண்டியை எப்போதும்போலச் சந்துக்குள், முன்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தினான். அவள் குனிந்து பின்சக்கரத்தைத் தடவினாள். புது ரப்பரின் வாசனை. சின்னச் சின்ன ரப்பர் முடிகள் விரலில் குறுகுறுத்தன. அவன் வாசற்படியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் போய்ப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. எனக்காக வேண்டுதலையே விட்டுவிட்டான் என்றுதான் நினைத்தாள். மாதா படத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, அவன் பங்குக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள்.

வெளிச்சம் வருவதற்குள் கிளம்பினார்கள். வானம் மப்பாக இருந்தது. நூம்பல் பக்கம் வரும்போது குளிர்காற்று முகத்தில் அடித்தது. அவள் அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். வெகுநாளைக்குப் பிறகு பயமில்லாமல் இருந்தாள்.

பூந்தமல்லி பெட்ரோல் பங்கில் எல்லோரும் இறங்கினார்கள். நன்றாக விடிந்திருந்தது. டேங்கிலிருந்து இறக்கிவிட்ட குழந்தை, முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து விரலால் எதையோ தொட்டுப் பார்த்தது.

"அம்மா, துணி முன்னாடி வந்துடுச்சி."

ஞானசௌந்தரி குனியவில்லை. குனியாமலே தெரிந்துவிட்டது. கணவனைப் பார்த்தாள். அவன் பெட்ரோல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"மாத்தலன்னு ஏன் சொல்லல?"

"இன்னா மாத்தல? பின்னாடிக்குப் புதுசு போடுறேன்னு உங்கிட்ட சொன்னேன். போட்டேன். உருட்டிக்கினு வரேன்னு மாதாகிட்ட சொன்னேன். உருட்டிக்கினு போறேன். ரெண்டு டயரும் ஒரே அளவுதான், பழசு முன்னாடி நல்லாவே உக்காந்துகிச்சி. யாருகிட்ட நான் பொய் சொன்னேன்?"

"முன்னாடி வெடிச்சா இன்னா ஆவும்னு நஜீர் அண்ணன் சொன்னாரே, கேட்டீங்கல்ல?"

"நஜீருக்கு மாதாவப் பத்தி இன்னா தெரியும்?"

"டயரப் பத்தித் தெரியும்."

பங்கில் வேலை செய்தவன் திரும்பிப் பார்த்தான். எதிரே நஜீர் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது.

"கடை தொறக்கட்டுங்க. இதையும் மாத்திக்கினு போலாம்."

"மாத்திட்டு அங்க போய் எதக் காட்டுறது? ஏறு. ஏரிக்கரையில காப்பாத்துன டயரு இது. நம்மள அங்க கொண்டுபோய் உடும்."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. டேங்கின் மேல் மகளைத் தூக்கி வைக்க அவன் கையை நீட்டினான். ஞானசௌந்தரி மகளை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"நாங்க பஸ்ல வரோம்."

"மாதாவ நம்பலியா நீ?"

"நம்புறேன். பாப்பாவ அது மேல ஏத்த மாட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டே கிக்கரை உதைத்தான். "தாம்பரம் ஸ்டேஷன் எதிர நிக்கிறேன். அதுக்குள்ள பயம் போச்சின்னா வந்து ஏறிக்க." புல்லட்டின் சத்தம் குன்றத்தூர் சாலையில் திரும்பி மெல்ல மெல்லத் தேய்ந்தது.

தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குழந்தையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வருகிறோம் என்று சொன்னபோது அவள் நினைப்பில் மகள் மட்டுமே இருந்தாள். அவனை இறங்கச் சொல்லவில்லை. இறங்குங்க, நானும் வரமாட்டேன், நீங்களும் போகக்கூடாது என்று சக்கரத்தின் முன்னால் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அவன் ஒருவனை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டதுபோல் இருந்தது.

தூறல் ஆரம்பித்தது. குன்றத்தூருக்கு முன்னால் பஸ் மெதுவாக ஊர்ந்தபோது, சாலையோரத்தில் பிள்ளைகள் சில பேர் பழைய சைக்கிள் டயரைக் கையால் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அவள் அதையே பார்த்தாள்.

உருட்டிக்கினு வரேன் என்றுதானே சொன்னான். வண்டியில் மாட்டி என்று சொல்லவில்லையே. டயரை பஸ்ஸில் போட்டுக்கொண்டு போய், வேளாங்கண்ணியில் இறங்கி, கோயில் வாசல்வரைக்கும் கையால் உருட்டலாமே. இதில் அவனால் ஒரு எழுத்துக்கூடக் குறை சொல்ல முடியாது. இதற்குக் கட்டாயம் ஒத்துக்கொள்வான். ஒரு வாரமாக அந்தச் சொல் தன் வீட்டிலேயே கிடந்திருக்கிறது. அவள்தான் எடுத்துப் பார்க்கவில்லை.

தாம்பரத்தில் இறங்கியதும் சொல்லிவிட வேண்டும். வேறு எதுவும் பேசக்கூடாது, இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கையால உருட்டலாங்க. அவள் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மழை வலுத்தது. கண்டக்டர் ஜன்னல்களை இறக்கிவிடச் சொன்னார்.

கொஞ்ச தூரம் போய் பஸ் நின்றது. அங்கே ஸ்டாப்பிங் எதுவும் இல்லை. முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. சிலர் நனைந்துகொண்டே முன்பக்கமாக ஓடினார்கள். கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார்.

"அம்மா, தாம்பரம் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல கண்ணு" என்றாள் ஞானசௌந்தரி. குழந்தையின் முகத்தைத் தன் பக்கமாகத் திருப்பி, முந்தானையால் மூடிக்கொண்டாள். கையால உருட்டலாங்க, கையால உருட்டலாங்க என்று உதடுகள் மட்டும் நிற்காமல் சொல்லிக்கொண்டிருந்தன.