இரண்டாவது படம்

எண்பது வயதில் மாலை போட்டு உட்கார வைத்தால் யாருக்குத்தான் உச்சி குளிராது? பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்த புகைப்படக் கண்காட்சியில் சபாபதியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தமிழ்ப் பத்திரிகைக்காகக் கேமரா தூக்கிய முதல் தலைமுறை ஆள். பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும்படி ஏற்பாட்டாளர்கள் கேட்டிருந்தார்கள். பிலிம் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கை சும்மா இருக்குமா, போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

நடுச்சுவரில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படம்: கிள்ளான் வெள்ளத்தில் செத்த பிள்ளையை இரண்டு கைகளிலும் ஏந்திக் கதறும் இளம்பெண்.

மதியம் கூட்டம் கலைந்த பிறகு, வயதான பெண்மணி ஒருவர் மகளோடு வந்து அந்தப் படத்தின் முன் நின்றார்.

"இது நான்தாண்ணே," என்றார். "வீரம்மா. சுங்கை வேயிலேர்ந்து வரேன்."

சபாபதி பதறி எழுந்தார்.

"பேப்பர்ல வந்த நாள்லேர்ந்து, பாசாருக்கு மீன் வாங்கப் போனாக்கூட 'அந்தப் படத்துப் பொம்பள'ன்னுதான் பாத்தாங்க. கையில புள்ள இருந்துச்சு, மூஞ்சிய மூடிக்கக்கூட முடியல. அதுக்கப்புறம் யாரையும் என்னைப் படம் புடிக்க விட்டதில்ல."

"நெசம்தான் அங்கிள்," என்றாள் மகள் புனிதா. "என் கல்யாண ஆல்பத்துலயே அம்மா இல்ல லா."

"எறக்கிடுங்கண்ணே," என்றார் வீரம்மா.

படம் எடுத்த அன்றைக்குச் சபாபதி வெளிச்சம் பார்த்தார், தூரம் பார்த்தார். பேர் என்ன என்று கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரையும் கேட்காமல் எக்கித் தானே படத்தைக் கழற்றி, கீழே சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"இனிமே இதை எங்கயும் மாட்ட மாட்டேம்மா. சத்தியமா."

வீரம்மா வெறும் சுவரையே பார்த்தபடி நின்றார். முகம் மெல்லத் தளர்ந்தது. இத்தனை வருஷமாக அடக்கி வைத்தது கண்ணீராக இறங்கியது. பக்கத்து ஜன்னல் வெயில் சரியாக அந்தக் கன்னத்தில் விழுந்தது.

'க்ளிக்.'

சத்தம் கேட்ட பிறகுதான் கேமரா தன் கண்ணருகில் இருப்பது சபாபதிக்கே தெரிந்தது.

வீரம்மா திரும்பிப் பார்த்தார். இந்த முறை கைகள் காலியாக இருந்தன. இரண்டாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். புனிதா அவரை அணைத்தபடி வெளியே கூட்டிப் போனாள்.

அப்படியே பூமிக்குள் புதைந்து போய்விட்டால் தேவலை என்றிருந்தது சபாபதிக்கு. அந்த நிலையிலும், படம் அருமையாக விழுந்திருக்கும் என்று மனசு சொன்னது. கட்டைவிரல் அடுத்த படத்துக்குப் பிலிமைத் தள்ளிக்கொண்டிருந்தது.