குழாய்க்குள் கயிறு

என் மனைவி இறந்த ஐந்தாவது வாரம், என் மகளைத் தன்னோடு அழைத்துப் போக மாமியார் வந்தார். கூடவே மச்சினன்.

"அந்த ரூம்ல பிள்ளை தூங்கவே மாட்டேங்குதாம். சுவர் முனகுதுன்னு சொல்றா. நாலு வயசுப் பிள்ளை பொய்யா சொல்லும்?"

பொய் இல்லை. வெளியூர்க்காரர்களோடு பேச நான் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ரேடியோவின் ஆன்டெனா கம்பத்தைப் படுக்கையறையின் வெளிச்சுவரில்தான் இறுக்கியிருந்தேன். மாடிக்கு மேலே அதில் ஐந்து அலுமினியக் குழாய்கள். பலத்த காற்றுக்கு அவை சும்மா இருக்கும். மெல்லிய, ஒரே சீரான காற்று வந்தால்தான் அதிரும். அந்த அதிர்வு கம்பம் வழியே இறங்கிச் சுவரில் 'ம்ம்ம்' என்று கேட்கும்.

"இன்னிக்கே சரி பண்ணிடறேன் அத்தை. சத்தம் நின்னா பாப்பா என்கூடவே இருக்கட்டும்."

"முதல்ல நிக்கட்டும் மாப்பிள்ளை. நின்னா நானும் ஒரு மாசம் இங்க இருந்து பாத்துக்கறேன்."

மனைவி போய்விட்ட வீட்டில் மகளும் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. கடைக்குப் போய் நைலான் கயிறு வாங்கி வந்தேன்.

மச்சினனோடு மாடி ஏறினேன். கம்பத்தின் மேல்பாதி மடங்கும். ஒரு போல்ட்டைக் கழற்றி இருவரும் அதைச் சாய்த்தோம். குழாய் முனைகளில் இருந்த ரப்பர் மூடிகளைப் பிடுங்கி, உள்ளே நீளவாக்கில் கயிறு விட்டேன். குழாய் அதிரும்போது உள்ளே தளர்வாகக் கிடக்கும் கயிறு உரசி அதிர்வை அடக்கிவிடும். அலுவலகத்தில் என் வேலையே ஆன்டெனாதான். இதை எத்தனையோ இடங்களில் செய்திருக்கிறேன்.

"என்ன மாமா, பைஜாமாவுக்கு நாடா கோக்கிற மாதிரி இருக்கு?"

"நுனில டேப் சுத்து. பிரியுது பாரு."

"இதுக்கா காலேஜ்ல நாலு வருஷம் படிச்சீங்க?"

மூடிகளை மாட்டி, கம்பத்தை நிமிர்த்தி, போல்ட்டை முடுக்கினேன். முக்கால் மணி நேரம். மச்சினன் கையைத் தட்டிக்கொண்டு, கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த தன் அம்மாவிடம் கத்தினான்.

"அம்மா, முடிஞ்சுது! அக்கா என்னமோ கிரேன் வரணும், ரெண்டு நாள் ஆகும்னு சொல்லிட்டிருந்தா. நல்லா அளந்து விட்டிருக்கா!"

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கிரேன் கதை என்னுடையது. கடைசி நான்கு மாதம் என் மனைவி அந்த அறையில்தான் படுத்திருந்தாள். மாத்திரை போட்டு வரவழைத்த தூக்கத்தை அந்தச் சத்தம் கலைத்தது. கம்பத்தைச் சாய்த்தால் ஆன்டெனாவின் திசை மாறிவிடும். மறுபடி சரிசெய்ய இரண்டு மூன்று மாலைகள் போகும். பக்கத்து அறையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்த மாலைகளில்தான் நான் அவள் நோயை மறந்தேன். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கிரேன் வேண்டும் என்றேன். "சரி விடுங்க, பழகிடும்" என்றாள்.

கீழே இறங்கினேன்.

"அவ அளந்து விடலை அத்தை. அப்படி அவகிட்ட சொன்னது நான்தான்."

அத்தை கையிலிருந்த சின்னப் பாவாடையை உதறிக் கொடியில் போட்டார்.

மாலையில் காற்று வந்தது. அத்தை சுவரில் காதை வைத்து வெகுநேரம் நின்றார். சத்தம் இல்லை. மகள் படுத்த சற்று நேரத்தில் தூங்கிவிட்டாள்.

அத்தை பையைத் திறந்து, ஊருக்கென்று எடுத்து வைத்திருந்த மகளின் துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கினார்.

"பாப்பா இங்கேயே இருக்கட்டும். நாங்க காலைல கிளம்பறோம்."

"நீங்க ஒரு மாசம் இருக்கறதா..."

"என் பொண்ணு தினமும் போன்ல அழுவா மாப்பிள்ளை. தூக்கமே இல்லம்மான்னு. வேலைக்குப் போற மனுஷன், கிரேனுக்கு எங்க போவார், கொஞ்சம் பொறுத்துக்கோடின்னு நான்தான் அவளைத் திட்டினேன்."

கடைசிச் சட்டையையும் உள்ளே வைத்தார். என் பக்கம் திரும்பாமலே அலமாரியைச் சாத்தினார்.