ஆடும் கதிரையின் மஞ்சள் சீட்டு

மறிச்சுக்கட்டியில் றினோஸாவின் வரிசையில் ஒன்பது வீட்டுத்திட்ட வீடுகள். ஏழு வீடுகளின் ஆட்கள் இடம்பெயர்ந்து போன புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். எட்டாவது வீட்டார் பெருநாளுக்கு மட்டும் எட்டிப் பார்ப்பவர்கள். மிஞ்சியது அவளும் ஐந்து மாத மகளும்தான். கட்டாரில் சாரதியாக இருக்கும் புருஷன் ஷமீர், வேலை முடிந்து வந்து போனில் பத்து நிமிடம் பேசினாலே பெரிய காரியம். மற்ற நேரமெல்லாம் அவள் சுவரோடுதான் பேச வேண்டும்.

அந்த ஷமீர் கப்பலில் ஒரு பெட்டி போட்டிருந்தான். உள்ளே, குழந்தையைச் சாய்த்துப் படுக்கவைக்கும் ஆடும் கதிரை. பிள்ளையின் பின்பக்கம் படுகிற துணியில் அரபு எழுத்தோடு ஒரு மஞ்சள் சீட்டு தைத்திருந்தது. றினோஸா பதறிப்போனாள். ஓதுகிற எழுத்தின் மேலா பிள்ளை மூத்திரம் போவது? தையலைப் பிரித்து எடுத்து, அலுமாரியின் மேல்தட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். மதரசாவில் ஓதிப் பரிசு வாங்கியவள் அவள். எழுத்தெல்லாம் தெரியும், பொருள்தான் தெரியாது. அவளைக் குறை சொல்லி என்ன, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காட்டோரத்து வீடு. தரையில் விட்டால் பாம்பு பூச்சி வரும் என்று பயந்து, கதிரையை மேசைமேல் வைப்பாள். அன்றும் அப்படித்தான் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். தொம்மென்று சத்தம் கேட்டது. வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தால், பிள்ளை உதைத்த உதையில் கதிரை நகர்ந்து விழுந்து கவிழ்ந்து கிடக்கிறது. பிள்ளை அழவில்லை. அல்லாஹ்வே, அந்த நிமிடம் எந்தத் தாய்க்கும் வரக்கூடாது! வாசலில் நின்று கத்தினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. பிறகுதான் பிள்ளை வீறிட்டது.

முருங்கன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். தலையில் வீக்கம் மட்டும்தான், பயமில்லை என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் ஷமீர் அழைத்தான். கதிரையில் ஏதும் எழுதியிருந்ததா என்று கேட்டான். அவள் சீட்டை எடுத்து, உச்சரிப்புப் பிசகாமல், அழகாக, ஓதுவதுபோலவே வாசித்தாள். ஆறு வருடம் அரபிகளோடு கிடந்தவனுக்கு அது விளங்கியது.

"உயரத்துல வைக்க வேணாமாம், றினோ. வார் போடாமப் படுக்க வைக்க வேணாமாம். புள்ளைய ஒரு நிமிஷமும் தனிய விட வேணாமாம்."

தன் கையாலேயே பிரித்தெடுத்தாளே, பாவி! கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ஆரிட்ட விட்டுட்டு நான் தண்ணியள்ளப் போற, மச்சான்?"

அவள் போனை வைத்துவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மற்றக் கையில் வாளியோடு கிணற்றடிக்குப் போனாள்.