மேஸ்திரி வீட்டில் மட்டும் ஒழுகும் கார்

மேஸ்திரிக்கும் அவர் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு மாதமாகிறது. காரணம் சொத்துத் தகராறு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மைக் காரணம் சொட்டுச் சொட்டாக ஒழுகிய பெட்ரோல்.

இருவருக்கும் கல்யாணமாகும் முன்பே காயலான் கடையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த பழைய கார் அது. ஞாயிறு ஞாயிறாகக் கழற்றிப் பூட்டி அதற்கு உயிர் கொடுத்தார்கள். ஒரு மாதம் அண்ணன் வீட்டில், ஒரு மாதம் தம்பி வீட்டில் என்று செல்லப்பிள்ளையாக இருந்தது. இந்த வருடம்தான் வம்பு வந்தது. மேஸ்திரி வீட்டுக் கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால், அதற்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டர் ஒழுகும். தம்பி வீட்டில் ஒரு பொட்டு ஒழுகாது.

"முரட்டுக் கைய வச்சுக்கிட்டு எதையாவது நோண்டிட்டு அனுப்புறான்" என்றார் மேஸ்திரி.

"இல்லாத ஒழுகலுக்கு நான் என்ன வைத்தியம் பாக்குறது? கோளாறு வண்டியில இல்ல, அவர் கண்ணுல" என்றார் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி.

வாய் தடித்தது. "அப்போ வித்துத் தொலைச்சிடலாம்" என்று ஒருவர் சொல்ல, "தாராளமா" என்று மற்றவர் சொல்ல, வாங்க ஓர் ஆளும் கிடைத்துவிட்டார். இன்று காலை வருகிறார். மேஸ்திரிக்கு விற்க மனசே இல்லை. ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கினால் மீசை என்னாவது?

இந்த நேரத்தில் தம்பி வந்து நின்றார், கையில் முகப்பவுடர் டப்பாவோடு.

"அண்ணி, விக்கிறதுக்கு முன்னாடி அந்த ஒழுகல ஒரு தடவை கண்ணால பாத்துக்கிறேன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க."

வீட்டுக்காரர் இரண்டடி தள்ளித்தான் நின்றார். "உன் கொழுந்தனாரத் தாராளமா பாக்கச் சொல்லு. பவுடர் எதுக்காம்? வண்டிக்கு அலங்காரமா?"

"அலங்காரமான்னு கேக்குறார், தம்பி" என்றாள் மேஸ்திரியின் மனைவி. இரண்டு மாதமாக அவளுக்கு இதே உத்தியோகம்.

தம்பி கார்புரேட்டரைத் துணியால் துடைத்துக் காயவிட்டார். பிறகு சுற்றிலும் பவுடரைத் தூவினார். எஞ்சின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பவுடரில் ஈரக் கோடு ஒன்று இறங்கியது. அடியிலிருக்கும் திருகிலிருந்து இல்லை, மூடியின் இடுக்கிலிருந்தும் இல்லை. மேலே வாய்ப்பக்கத்திலிருந்து வழிந்தது.

"நிஜமாவே ஒழுகுது, அண்ணி" என்றார் தம்பி. குரல் இறங்கியிருந்தது. "உள்ள பெட்ரோல் நிக்கிற கிண்ணம் ரொம்பி வழியுது."

எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறும்வரை எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மூடியைத் திறந்தார்கள். உள்ளே பெட்ரோலில் மிதக்கும் பித்தளை மிதவையை மேஸ்திரி எடுத்துக் காதருகே குலுக்கினார். உள்ளே தளும்பவில்லை, ஆகவே ஓட்டையில்லை. மிதவை உயர்ந்ததும் பெட்ரோல் வரும் துளையை அடைக்கிற ஊசியைத் தம்பி வெளிச்சத்தில் பார்த்தார். தேய்மானமில்லை, அழுக்குமில்லை. எல்லாம் சரியாக இருந்தால் யாரைத் திட்டுவது?

மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டுத் தம்பி எழுந்தபோது கால் பட்டுப் பவுடர் டப்பா சாய்ந்தது. சாய்ந்த டப்பா சும்மா கிடக்கவில்லை. உருண்டது. கொட்டகையின் நீளத்துக்கும் சாவகாசமாக உருண்டுபோய்ச் சாக்கடைத் துளையில் முட்டி நின்றது.

மேஸ்திரி குனிந்து தரையைப் பார்த்தார். இந்தத் தரை இந்த வருடம் அவரே போட்டது. 'தண்ணி ஊத்தினா தொடப்பமே வேணாம், தானா ஓடும்' என்று போகிற வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்ட சாய்மானம். தண்ணீர் ஓடினால், கிண்ணத்துப் பெட்ரோல் மட்டும் ஒரு பக்கம் சாயாதா?

தம்பி டப்பாவைப் பொறுக்கப் போயிருந்தார், அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் மீசை பிழைக்கும், வண்டி போய்விடும். மேஸ்திரி திரும்பிக் காரைப் பார்த்தார். பிறகு சாமான் பையிலிருந்து, தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக் கார்புரேட்டர் மூடிமேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடியது.

"டேய், இங்க வாடா. இதப் பாரு."



"அப்பாடா, என் உத்தியோகம் போச்சு" என்று சொல்லிவிட்டு மேஸ்திரியின் மனைவி படியில் உட்கார்ந்துகொண்டாள்.

தம்பி குமிழியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். "உங்க தரையா வேல காட்டிருக்கு?"

"சாய்மானம் மட்டும் இத்தன வழிய வைக்குமா? போன தடவ மிதவைய மாட்டுனது யாரு?"

"நான்தாண்ணே." தம்பி தலையைச் சொறிந்தார். "ஒரு மயிரிழை ஒசத்தி வச்சிட்டேன் போலிருக்கு. எங்க தரை மட்டம், அதான் தெரியல."

காரை வெளியே தள்ளித் திருப்பி, சாய்மானம் எதிர்ப்பக்கமாக விழும்படி, முகம் வாசலைப் பார்க்கக் கொட்டகைக்குள்ளேயே நிறுத்தி ஓடவிட்டார்கள். புதிதாகத் தூவிய பவுடர் காய்ந்தே கிடந்தது. மேஸ்திரி தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சந்தோஷம் வேறெப்படியும் அவருக்கு வெளியே வராது.

"இப்போ வர்றவர் ஆசை ஆசையா ஓட்டிட்டுப் போயிடுவாரு" என்றாள் மனைவி படியிலிருந்து.

இரண்டு முகமும் ஒன்றாகத் தொங்கிப்போயின. சொன்ன சொல் இருவருடையதும்தான். வாங்க வருகிறவரிடம் எந்த முகத்தோடு மாட்டேன் என்பது?

தம்பி எஞ்சினை அணைத்துவிட்டுக் காரின் பின்புறம் தோளைக் கொடுத்தார். ஏன் என்று மேஸ்திரி கேட்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே தள்ளினார். கார் தெருவுக்கு இறங்கித் திரும்பி, பழையபடி சுவரைப் பார்த்துக் கொட்டகைக்குள் வந்து நின்றது.

தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் மேஸ்திரியின் கை திருப்புளியைத் தேடியது.

"மிதவைய எறக்கி வச்சிடட்டுமாடா?"

"இருண்ணே. ஒழுகுற பெட்ரோல அவரு வந்து மோந்து பாத்துட்டுப் போகட்டும்."